பிரிந்து வந்தவர் தீட்டிய ஊர்

ஓவியம் கண்ணால் கற்கும் கலையா, கையால் கற்கும் கலையா என்னும் வினா பழைமையானது. இயற்கைக் காட்சிகளைத் தீட்டிய ஓவியர்களின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால், இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. அது பிரிவு. கண்முன் உள்ள ஆற்றை வரைவது ஒரு திறன். கண்ணைவிட்டு மறைந்த ஆற்றை, அதன் கரையில் நின்ற மரமும் அதன்மேல் படர்ந்த முகிலும் பிழைபடாமல் மீண்டும் கொண்டுவந்து நிறுத்துவது வேறொரு திறன். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு இந்த இரண்டாவது திறனைப் பற்றி அறிந்துகொள்வதில் தனியார்வம் இருத்தல் இயல்பே.

அத்திறனை நாற்பது ஆண்டுகள் பயின்றவர் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள். அவர் கடல் கடந்து சென்றவர் அல்லர். இங்கிலாந்தை விட்டு ஒருநாளும் வெளியேறாதவர். சஃபோக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இலண்டன் மாநகருக்கு வந்து தங்கியவர், அவ்வளவே. ஆயினும் அவர் புகழுக்குக் காரணமான பெரிய ஓவியங்கள் பலவும், அவர் விட்டுவந்த ஊரை மாநகரத்து அறைக்குள் இருந்துகொண்டு தீட்டியவை. அவர் அதனை எவ்வாறு கற்றார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புனைவியல் காலமும் நிலக்காட்சியும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பியக் கலை உலகில் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. அறிவுக்கும் ஒழுங்கிற்கும் முதலிடம் தந்த பழைய நெறிக்கு மாறாக, மனித உணர்வுக்கும் இயற்கையின் பேராற்றலுக்கும் முதலிடம் தந்த இவ்வியக்கத்தைப் புனைவியல் இயக்கம் என்று நம் திறனாய்வாளர் வழங்குவர். கவிதையில் போலவே ஓவியத்திலும் இஃது புதிய வாயில்களைத் திறந்தது.

அதற்கு முன் நிலக்காட்சிக்கு ஓவிய உலகில் இருந்த இடம் தாழ்ந்தது. 1768-இல் இலண்டனில் நிறுவப்பெற்ற அரச கலைக்கழகமும், அதற்கு முன்பே பாரிசில் இருந்த கலைக்கழகமும் ஓவிய வகைகளைத் தரம் பிரித்து வைத்திருந்தன. விவிலியக் கதைகளையும் வீரர் வரலாற்றையும் தீட்டுவது தலையாயது; மனிதர் உருவப்படம் அதற்கு அடுத்தது; மரமும் மலையும் ஆறும் அவற்றிற்குக் கீழ்ப்பட்டவை. கதைமாந்தர்க்குப் பின்னணியாக நிற்பதே நிலத்தின் வேலை எனக் கருதப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர்களுள் மூவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவர்கள். செர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீடிரிக் 1774-இலும், இலண்டன் நகரத்தவரான டர்னர் 1775-இலும், கான்ஸ்டபிள் 1776-இலும் பிறந்தனர். மூவரும் கற்ற வழிகள் வெவ்வேறானவை. டர்னர் தம் பதினான்காம் வயதிலேயே அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்தவர். ஊர் ஊராகச் சுற்றி நூற்றுக்கணக்கான குறிப்பேடுகளை நிரப்பியவர். ஃபிரீடிரிக் கோபன்கேகனில் 1794 முதல் 1798 வரை பயின்று டிரெஸ்டன் நகரில் குடியேறினார். பல ஆண்டுகள் பெரும்பாலும் பென்சிலிலும் பழுப்பு மையிலும் பழகிவிட்டு, முப்பது வயதைக் கடந்த பின்னரே, 1807-ஆம் ஆண்டளவில், எண்ணெய் வண்ணத்தைக் கையில் எடுத்தார். மூடுபனிக் கடலுக்கு மேலே பாறை முகட்டில் ஒருவர் நமக்கு முதுகு காட்டி நிற்கும் அவருடைய புகழ்பெற்ற படம் ஒரே இடத்தில் கண்ட காட்சி அன்று. பல இடங்களில் பல நாள்களில் எடுத்த பாறைக் குறிப்புகளை அறைக்குள் இணைத்து அவர் அமைத்தது அது.

புனைவியல் ஓவியம் என்றதும், உணர்ச்சி மேலிட்ட ஒருவர் தூரிகையை வீசி ஒரே மூச்சில் தீட்டிய படம் என்று பலர் எண்ணுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பார்ப்பவர் உள்ளத்தில் உணர்ச்சியை எழுப்பும் அப்படங்களுக்குப் பின்னால் நீண்ட, பொறுமையான, சில வேளைகளில் சலிப்பூட்டக்கூடிய உழைப்பு இருக்கிறது.

ஆலைக்காரர் மகன்

கான்ஸ்டபிள் பிறந்தது ஸ்டூர் ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கி அமைந்த ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் ஊர். தந்தையார் கோல்டிங் கான்ஸ்டபிள் தானிய வணிகர். ஃபிளாட்ஃபோர்டிலும் டெடத்திலும் நீரால் இயங்கும் மாவாலைகள் அவருக்கு இருந்தன. ஊர்ப் பொதுவெளியில் காற்றாலை ஒன்றும் இருந்தது. பள்ளிப்படிப்பு முடிந்தபின் மகனும் ஆலைத்தொழிலில் ஈடுபட்டார். காற்றாலையில் வேலை செய்பவன் வானத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. காற்று எத்திசையில் திரும்புகிறது, எந்த முகில் மழை கொணரும், எது வெறுமனே கடந்துபோகும் என்று அறியாதவன் ஆலையின் இறக்கைகளைக் காக்க இயலாது. பிற்காலத்தில் வானத்தைத் தீட்டுவதில் அவர் பெற்ற தேர்ச்சிக்கு முதற்பாடம் அந்த ஆலையிலேயே தொடங்கியது எனலாம்.

ஓவியத்தில் அவருக்கு வாய்த்த முதல் தோழர் எந்தக் கலைக்கழகத்தையும் சேர்ந்தவர் அல்லர். ஈயக்குழாய் வேலையும் கண்ணாடி பொருத்தும் வேலையும் செய்து பிழைத்த ஜான் டன்தார்ன் என்பவர் ஓய்வு நேரத்தில் படம் வரைபவர். இருவரும் சேர்ந்து வயல்வெளிக்குச் சென்று வரைந்தனர்.

இரண்டாவது வாயில் செல்வர் ஒருவரால் திறந்தது. ஓவியங்களைத் திரட்டுவதில் பெருவிருப்புடைய சர் ஜார்ஜ் போமான்ட்டின் தாயார் டெடத்தில் வாழ்ந்தார். பதினேழாம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த குளோட் லொரேன் தீட்டிய சிறு ஓவியம் ஒன்று போமான்ட்டிடம் இருந்தது. பாலைவெளியில் ஆகார் என்னும் பெண்ணுக்கு வானதூதர் தோன்றும் காட்சி அது. அப்படத்தின்மீது அவருக்கிருந்த பற்றினால் பயணம் செல்லும்போதும் அதனைப் பெட்டியில் வைத்து உடன் கொண்டுசெல்வார் எனக் கூறுவர். இளைஞர் கான்ஸ்டபிள் அதனைக் கண்டார். ஒளியும் தொலைவும் மரத்தின் நிழலும் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் முறையை முதன்முதலாக உணர்ந்தார்.

மகன் ஓவியன் ஆவதில் தந்தைக்கு விருப்பமில்லை. 1799-இல்தான் ஒருவாறு இசைவு தந்தார். ஆலைத்தொழிலைத் தம்பி ஆப்ராம் ஏற்றுக்கொண்டார். கான்ஸ்டபிள் தம் இருபத்திரண்டாம் வயதில் இலண்டனுக்குச் சென்று அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்தார். டர்னரோ அதே 1799-இல் அக்கழகத்தின் துணை உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பெற்றார் என்பதை எண்ணினால், கான்ஸ்டபிள் எவ்வளவு காலந்தாழ்த்தித் தொடங்கினார் என்பது விளங்கும்.

பழம் பிடிலும் பசும்புல்லும்

பள்ளியில் கற்பித்தவை இரண்டு. பழங்காலச் சிலைகளின் சுண்ண வார்ப்புகளைப் பார்த்து வரைவது ஒன்று. உயிருள்ள மனித உருவத்தைப் பார்த்து வரைவது மற்றொன்று. மரத்தை எவ்வாறு தீட்டுவது, நீரில் ஒளி எவ்வாறு படிகிறது என்பன பாடத்தில் இல்லை. நிலக்காட்சி கற்க விரும்பியவர் முன்னோர் படங்களைப் படியெடுத்தே கற்க வேண்டியிருந்தது. கான்ஸ்டபிளும் குளோட் லொரேனின் படங்களையும், டச்சு ஓவியர் ரூய்ஸ்டேலின் படங்களையும் படியெடுத்தார்.

படியெடுப்பதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. படத்தை அமைக்கும் முறை கைவருவது நன்மை. பிறர் கண்ணால் மட்டுமே உலகைக் காணப் பழகிவிடுவது தீமை. 1802-ஆம் ஆண்டு மே மாதம் டன்தார்னுக்கு எழுதிய மடலில், தாம் இதுவரை படங்களின் பின்னால் ஓடி உண்மையை இரண்டாம் கையில் தேடிவந்ததாகவும், இனி ஊருக்குத் திரும்பி இயற்கையிடமே கற்கப் போவதாகவும் அவர் குறிப்பிட்டார். படைத்துறைக் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியராகும் வாய்ப்பு அதே ஆண்டில் வந்தது. நிலையான ஊதியம் தரும் அப்பணியை அவர் மறுத்துவிட்டார். பணி மறுக்கப்பட்ட செய்தி ஒரு குடும்பத்தில் எத்தகைய வருத்தத்தை உண்டாக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போமான்ட்டுக்கும் கான்ஸ்டபிளுக்கும் இடையே நடந்ததாக, அவருடைய நண்பரும் வரலாற்றாசிரியருமான லெஸ்லி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். பழம் படங்கள் எல்லாம் காலத்தாலும் மெருகெண்ணெயாலும் பழுப்பேறியவை. அப்பழுப்பே சிறந்த படத்தின் இலக்கணம் என்று அக்காலச் சுவைஞர் நம்பினர். பழைய பிடிலின் நிறமே படமெங்கும் மேலோங்கி நிற்க வேண்டும் என்று போமான்ட் கூறினாராம். கான்ஸ்டபிள் மறுமொழி எதுவும் கூறாமல், பழைய பிடில் ஒன்றை எடுத்துச் சென்று வீட்டின் முன்னிருந்த பசும்புல் தரையில் வைத்தாராம். புல் பச்சையாக இருந்தது. பிடில் பழுப்பாக இருந்தது. வாதம் முடிந்தது.

ஆயினும் இதனைக் கொண்டு அவர் முன்னோரை ஒதுக்கினார் என்று முடிவு செய்தல் தவறு. 1823-இல், பெரும்படங்கள் பலவற்றைத் தீட்டி முடித்து நாற்பத்தேழு வயதை அடைந்த பின்னரும், போமான்ட்டின் கோலார்ட்டன் மாளிகையில் பல வாரங்கள் தங்கி, மாணவரைப் போல அமர்ந்து குளோட் லொரேனின் இரு படங்களைப் படியெடுத்தார். மரபைக் கற்பதும் மரபோடு மாறுபடுவதும் அவருக்கு முரண்பட்ட செயல்களாகத் தோன்றவில்லை.

வண்ணத்தின் இயல்பு

எண்ணெய் வண்ணம் எவ்வாறு இயங்குகிறது என்பதனை அறிந்தால்தான் இக்கல்வியின் கடுமை விளங்கும். பொடித்த நிறப்பொருளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து அரைத்ததே இவ்வண்ணம். நீர்வண்ணம் நீர் வற்றியதும் உலர்ந்துவிடும். எண்ணெயோ வற்றுவதில்லை, காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. ஒரு பூச்சு தொடுமளவுக்கு உலரப் பல நாள்கள் ஆகும்; முழுவதும் இறுகப் பல மாதங்கள் செல்லும். இந்த மந்தமே இதன் குறையும் சிறப்பும் ஆகும். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறத்தை மற்றொன்றில் இழைத்து வானத்தின் நீலத்தை அடிவானத்து வெண்மையில் கரைக்கலாம். உலர்ந்தபின் அதன்மேல் மெல்லிய ஒளிபுகும் பூச்சிட்டு நிழலை ஆழப்படுத்தலாம்.

இதற்கு மாறாத விதி ஒன்று உண்டு. அடியில் இடும் பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே செல்லச் செல்ல எண்ணெய் மிகுந்தும் இருக்க வேண்டும். இதனைத் தலைகீழாகச் செய்தால் மேற்பூச்சு முந்தி உலர்ந்து, அடிப்பூச்சு பின்னர் அசையும்போது வெடித்துவிடும். அவசரப்பட்ட ஓவியரின் படத்தில் சில ஆண்டுகளில் வெடிப்புகள் தோன்றுவதற்கு இதுவே பெருங்காரணம்.

அக்காலத்தில் வண்ணத்தை வெளியிடத்திற்குக் கொண்டுசெல்வதும் எளிதன்று. குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்துக் கட்டி விற்றனர். அதனைக் குத்தித் துளையிட்டு வண்ணத்தைப் பிதுக்கி எடுக்க வேண்டும். மீந்தது விரைவில் கெட்டியாகிவிடும். மடக்கிப் பிதுக்கக்கூடிய தகரக்குழாயை ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்தது 1841-இல். கான்ஸ்டபிள் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1837-இல் மறைந்துவிட்டார்.

இத்தனை இடர்ப்பாடுகளுக்கிடையிலும் அவர் வண்ணப்பெட்டியை முழந்தாளின்மீது வைத்து, அதன் மூடியில் தாளைப் பொருத்தி, வயல்வெளியிலேயே எண்ணெய் வண்ணத்தில் குறிப்புப் படங்கள் தீட்டினார். தாளுக்கு முன்னதாகவே பழுப்போ செம்பழுப்போ பூசி வைத்திருப்பார். அந்த அடிநிறம் இடைநிழலாக நின்றுவிடும். ஒளியையும் ஆழ்ந்த இருளையும் மட்டும் விரைந்து இட்டால் போதும். ஒளி மாறுவதற்குள் முடிக்க வேண்டுமல்லவா? பிரெஞ்சு ஓவியர் வலென்சியென் 1800-இல் வெளியிட்ட நூலிலும், வெளியிடக் குறிப்பை இரண்டு மணி நேரத்திற்குமேல் நீட்டலாகாது என்றும், கதிரவன் எழும்போதும் மறையும்போதும் அரைமணிக்குள் முடிக்க வேண்டும் என்றும் மாணவர்க்கு வலியுறுத்தினார். நீண்டகாலம் கற்பது விரைந்து காண்பதற்காகவே என்பது இதனால் புலனாகும்.

1813-இலும் 1814-இலும் கான்ஸ்டபிள் உடன் வைத்திருந்த இரு சிறு பென்சில் குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. உள்ளங்கையில் அடங்கும் அவ்வேடுகளில் படகுகள், கலப்பைகள், மாடுகள், வேலிகள், கோபுரங்கள் எனக் கண்டனவெல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. எதற்குப் பயன்படும் என்று அறியாமலே சேர்த்து வைத்த செல்வம் அது. 1814-இல் கடற்கரை ஒன்றில் பாழடைந்த ஹாட்லி கோட்டையை அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். 1828-இல் அவருடைய மனைவி மரியா காசநோயால் மறைந்தார். அத்துயரின் பின், பதினைந்து ஆண்டுக்காலம் ஏட்டில் உறங்கிய அக்குறிப்பை எடுத்துப் பெரும்படமாக்கி 1829-இல் காட்சிக்கு வைத்தார். உணர்ச்சி அன்று வந்தது. அதனைத் தாங்கும் உருவம் முன்னரே கையில் இருந்தது.

வானத்தைப் படித்தல்

1816-இல் தந்தையார் காலமானார். அதே ஆண்டில், ஏழாண்டுக் காத்திருப்புக்குப் பின், பெண்வீட்டாரின் எதிர்ப்பையும் கடந்து மரியாவை மணந்தார். 1817-ஆம் ஆண்டுக் கோடையில் சில வாரங்கள் ஊரில் தங்கினார். அதன்பின் அங்கு நெடுநாள் தங்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. குடும்பமும் பிழைப்பும் இலண்டனில் நிலைபெற்றுவிட்டன.

மனைவியின் உடல்நலம் கருதி 1819 முதல் இலண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் வீடு எடுத்தார். ஆறும் ஆலையும் அங்கே இல்லை; ஆனால் வானம் இருந்தது. 1821-இலும் 1822-இலும் முகில்களை மட்டுமே பொருளாகக் கொண்டு எண்ணெய் வண்ணக் குறிப்புகளைத் தொடர்ந்து தீட்டினார். அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் நாள், மணி, காற்றின் திசை, அன்றைய வானிலை ஆகியவற்றை எழுதி வைத்தார். முகில்களை வகைப்படுத்தி இன்றும் வழங்கும் பெயர்களை லூக் ஹோவர்டு என்பார் 1802-இல் வகுத்திருந்தார். அவ்வகைப்பாட்டை விளக்கும் ஃபார்ஸ்டரின் நூலைக் கான்ஸ்டபிள் வாங்கிப் படித்து, பக்க ஓரங்களில் தம் கருத்துகளையும் குறித்திருக்கிறார்.

வானமே நிலக்காட்சியில் உணர்ச்சிக்குத் தலையாய கருவி என்னும் கருத்தை 1821 அக்டோபரில் தம் நண்பர் ஃபிஷர் பாதிரியார்க்கு எழுதினார். உணர்ச்சியின் கருவி என்று எதனைக் கருதினாரோ, அதனையே அறிவியலாரைப் போல நாளும் மணியும் குறித்துப் பயின்றார் என்பது நாம் கருதிப் பார்க்கத் தக்கது. உணர்ச்சிக்கும் ஒழுங்கான பயிற்சிக்கும் பகையில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இலண்டனில் எழுந்த சஃபோக்

ஊரில் இருந்தவரை கான்ஸ்டபிள் தீட்டிய படங்கள் பெரும்பாலும் சிறியவை. 1815-இல் காட்சிக்கு வைத்த படகு கட்டும் காட்சியை ஏறத்தாழ முழுவதையுமே வெட்டவெளியில் தீட்டினார். அதன் அகலம் ஏறத்தாழ இரண்டடி மட்டுமே. ஊரைப் பிரிந்தபின் தீட்டியவையோ ஆறடி அகலமுள்ள பெருந்திரைகள். 1819-இல் காட்சிக்கு வந்த வெள்ளைக் குதிரை அவ்வரிசையில் முதலாவது. நேரில் கண்டபோது சிறிதாகத் தீட்டியதை நினைவில் கண்டபோது பெரிதாகத் தீட்டினார் என்பதே வரலாறு நமக்குத் தரும் செய்தி.

இவ்வளவு பெரிய திரையை ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்ல இயலாது. எனவே அவர் வேறு எவரும் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். சிறு குறிப்புகளை வைத்துக்கொண்டு, இறுதிப் படத்தின் முழு அளவிலேயே முதலில் ஒரு முன்வரைவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அதில் ஒளியும் இருளும் அமையும் விதத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டு, பின்னர் வேறொரு திரையில் இறுதிப் படத்தைத் தொடங்கினார். ஒரு படத்திற்கு இரு படங்களின் உழைப்பும் செலவும் ஆயின.

1821-இல் அரச கலைக்கழகக் காட்சியில் வைத்த வைக்கோல் வண்டி இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. அதற்கு அவர் இட்ட பெயர் நிலக்காட்சி, நண்பகல் என்பது மட்டுமே. ஃபிளாட்ஃபோர்டு ஆலைக்கு அருகே ஆழமில்லாத நீரில் ஒரு வண்டி இறங்கி நிற்கிறது. இடப்புறம் வில்லி லாட் என்னும் உழவரின் வீடு. கரையில் ஒரு நாய். தொலைவில் புல்வெளியில் வேலை செய்வோர். மேலே மழையும் வெயிலும் மாறிமாறி வரும் கோடை வானம். இத்துணைக் கோடையும் தீட்டப்பெற்றது இலண்டன் வீட்டில், குளிர்காலத்தில்.

அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. வீடும் மரமும் நீரும் பழைய குறிப்புகளில் இருந்தன. அறுவடை வண்டியின் அமைப்பு வேண்டிய அளவு தெளிவாக அவரிடம் இல்லை. கற்பனையால் ஒரு வண்டியை வரைந்திருந்தால் இலண்டன் மாந்தருள் எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார். கான்ஸ்டபிள் அவ்வாறு செய்யவில்லை. ஊருக்கு எழுதிக் கேட்டார். பழைய தோழர் டன்தார்னின் மகன், இளைய டன்தார்ன், 1821 பிப்ரவரிக் குளிரில் வெளியில் நின்று வண்டியின் உருவத்தை வரைந்து அனுப்பினார். அவ்வேலை மிகவும் குளிரான வேலையாக இருந்தது என்று தம்பி ஆப்ராம் அண்ணனுக்கு எழுதிய மடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், குளிரில் விரல் விறைக்க நின்ற அந்த இளைஞரையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும். பிரிந்து சென்றவரின் நினைவுக்கு, பிரியாமல் இருந்தவரின் கை துணை நின்றது.

வில்லி லாட்டைப் பற்றியும் ஒரு செய்தி சொல்வதுண்டு. எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவர், தம் வாழ்நாளில் அவ்வீட்டை விட்டு வெளியே தங்கியது நான்கு இரவுகள் மட்டுமே என்பர். ஊரை விட்டு நீங்காதவர் அவ்வீட்டில் வாழ்ந்தார். நீங்கியவர் அதனை உலகறியச் செய்தார்.

இலண்டன் காட்சியில் அப்படம் விலைபோகவில்லை. பாரிசைச் சேர்ந்த ஆரோஸ்மித் என்னும் வணிகர் அதனையும் வேறு இரு படங்களையும் 250 பவுனுக்கு வாங்கினார். 1824-ஆம் ஆண்டுப் பாரிஸ் காட்சியில் அது பிரெஞ்சு மன்னரின் பொற்பதக்கத்தைப் பெற்றது. இளம் ஓவியர் டெலக்ருவா வியந்து நோக்கினார். சொந்த நாட்டிலோ அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றது 1829-இல், ஐம்பத்திரண்டாம் வயதில், ஒரே ஒரு வாக்கு மிகுதியால். மரியா மறைந்து மூன்று திங்கள் நிறைவதற்குள் வந்த அச்சிறப்பைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் அவர் இல்லை.

காண வந்தவரும் வாழ்ந்து பிரிந்தவரும்

இதே காலத்தில் ஆங்கில நிலக்காட்சி ஓவியர் சிலர் நம் நாட்டிற்கும் வந்தனர். தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1786-இல் கல்கத்தாவில் வந்திறங்கினர். 1792-93-இல் தென்னாட்டில் பயணம் செய்தனர். பாபநாசம் அருவியும் குற்றாலம் அருவியும் அவர்கள் வரைந்தவற்றுள் அடங்கும். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 அச்சுப்படங்கள் வழியாக, பொதிய மலைச் சாரலின் வனப்பை ஆங்கிலேயர் அறிந்தனர். அப்படங்கள் நமக்கு அரிய ஆவணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை காண வந்தவரின் படங்கள். ஓரிடத்தில் சில நாள் தங்கி, வியப்புக்குரியதை வரைந்துகொண்டு அடுத்த இடத்திற்குச் சென்றவர்கள் அவர்கள். கான்ஸ்டபிளோ வியப்புக்குரிய எதையும் தேடவில்லை. நடந்தே சென்று காணக்கூடிய சில கல் பரப்பை வாழ்நாள் முழுதும் மீண்டும் மீண்டும் தீட்டினார். நீரில் நனைந்த மரக்கட்டையும் ஆலைமடையின் சேறும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

ஓவியம் சொல்லாதவை

இவ்வளவு கூறிய பின், ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கான்ஸ்டபிளின் சஃபோக் அமைதியானது. உண்மையான சஃபோக் அக்காலத்தில் அமைதியாக இல்லை. நெப்போலியனோடு நடந்த போர் 1815-இல் முடிந்தபின் தானிய விலை வீழ்ந்தது. உழவுத் தொழிலாளர் வேலையின்றியும் கூலியின்றியும் வாடினர். 1822-இல் அப்பகுதியில் வைக்கோற்போர்கள் இரவில் கொளுத்தப்பட்டன. ஊருக்கு அருகிலும் தொலைவிலும் தீ எரியாத இரவில்லை என்று தம்பி எழுதிய செய்தியைக் கான்ஸ்டபிளே ஃபிஷருக்கு எழுதிய மடலில் தெரிவித்திருக்கிறார். அந்தத் தீ அவர் படங்களில் இல்லை.

முகிலின் ஒவ்வொரு மடிப்பையும் பிழையின்றிக் குறித்த கண், வயலில் நின்றவரின் பசியைத் தொலைவில் ஒரு வெண்புள்ளியாக மட்டுமே கண்டது. அவர் ஆலைக்காரரின் மகன். தம் இளமையின் மகிழ்ச்சியைத் தீட்டியவர். பிரிந்து வந்தவர் நினைவுக்கு இந்த இடர் எப்போதும் உண்டு. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை அது விட்டுவிடும். நாம் நம் ஊரை நினைக்கும்போதும் ஆற்றையும் தோப்பையும் திருவிழாவையும் நினைக்கிறோம். நாமோ நம் முன்னோரோ ஊரைவிட்டு வரக் காரணமாயிருந்த வறட்சியும் கடனும், சிலரை ஊர்க்கிணற்றில் நீரெடுக்க விடாத கொடுமையும் அந்நினைவில் எளிதாக மறைந்துபோகின்றன. படத்தின் அழகைப் போற்றும்போதே அதன் விளிம்புக்கு வெளியே இருந்ததையும் கேட்டறிவது, ஓவியத்தைப் பழிப்பதாகாது. அதனை முழுமையாகக் காண்பதாகும்.

நமக்கு உரிய பாடம்

நிலத்தோடு உள்ளத்து உணர்வைப் பிணைத்துக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. ஐந்திணை வகுத்த மரபு நம்முடையது. ஆங்கில ஓவியர் அதனை அறிந்தவர் அல்லர். அவர் வழி வேறு. ஆனால் அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஊர்ப்பற்று என்பது பெருமூச்சு அன்று, அது பயிற்சி.

ஊரை நினைத்து ஏங்குவது எளிது. அவ்வூரின் வண்டிக்கு நுகத்தடி எவ்வாறு பூட்டப்பட்டது, ஆரக்கால்கள் எத்தனை, குடம் எந்த மரத்தால் ஆனது, எந்த மாதத்தில் எத்திசைக் காற்று வீசும், மடைதிறந்த முதல் நீரின் நிறம் என்ன என்று கேட்டால் நம்முள் பலர் மயங்குவோம். வேற்று நகரத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேட்கும்போது பெருமையை மட்டும் சொன்னால் அவர்கள் கண்முன் எதுவும் தோன்றாது. வண்டியைச் சொன்னால் தோன்றும். மறந்துபோயிற்று என்றால், கற்பனையால் நிரப்ப வேண்டியதில்லை. கான்ஸ்டபிளைப் போல ஊருக்கு எழுதிக் கேட்கலாம். கேட்டால் விடை சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுதல் நம் கடமை.

வைக்கோல் வண்டி 1886-இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திற்குக் கொடையாக வந்தது. அதன் முன்வரைவு அதே நகரில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தின் முன்பகுதியில், நாயின் அருகே, முன்பு தீட்டிப் பின்னர் மறைத்துவிட்ட ஓர் உருவத்தின் சாயல் இன்றும் வண்ணத்தின் ஊடே மெல்லத் தெரிகிறது. முதலில் குதிரையும் ஆளும் வைத்துப் பார்த்து, பின் ஒரு பீப்பாயை வைத்துப் பார்த்து, இறுதியில் எதுவும் வேண்டா என்று நீக்கிய இடம் அது. நடுவயதிலும், தாம் நன்கறிந்த ஆற்றங்கரையைத் தீட்டும்போதும், அவர் அழித்தும் திருத்தியும் கற்றுக்கொண்டே இருந்தார் என்பதற்கு அச்சாயலே சான்று.